எல்லைக் கிராமங்களுக்கும் ஒரு நிருபர்

ஆசிரியருக்கு,

எல்லைக் கிராமச் செய்திகள் அருகிவருவதாகத் தாங்கள் எழுதியது முற்றிலும் சரி. 1984 இல் வெளியேற்றப்பட்டு, போருக்குப் பின் திரும்பிய முல்லைத்தீவு எல்லைக் கிராமங்களான கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களின் காணிப் பிணக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் குருந்தூர்மலையில் விகாரை தொடர்பாக முறுகல் மூண்டாலோ, 2023 இல் கொக்குத்தொடுவாயில் நடந்ததுபோல மனிதப் புதைகுழி வெளிப்பட்டாலோதான் அப்பகுதி முதற்பக்கம் ஏறுகிறது. முகநூலில் எல்லாம் உடனுக்குடன் வருகிறதே என்பார்கள். வருவது சச்சரவின் காணொளி. வர்த்தமானியையும் பழைய காணி அனுமதிப்பத்திரத்தையும் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ‘எல்’ வலய வரைபடத்தையும் ஒப்பிட்டு எழுத அங்கே ஆளில்லை. தனியொரு பத்திரிகைக்கு நிருபர் செலவு கட்டாது என்பது மெய்தான். ஆனால் இடமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். மரண அறிவித்தல்களுக்குப் பக்கங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாண நாளிதழ்கள் கூட்டாக ஒருவரைக் கொக்கிளாயில் அமர்த்தி, வாரம் அரைப்பக்கம் ஒதுக்கலாம்.

வாசகர்,
சாவகச்சேரி.