குழியருகே ஆடும் ஆட்டம்



இவ்வாரம் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நம் தாமலில் ஏரியுண்டு, தறியுண்டு. கோல்ஃப் திடலைக் காணச் சென்னைக்குத்தான் செல்ல வேண்டும். எனினும், செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட்ட இவ்வாட்டத்தில் எளியவனும் முந்திச் செல்லத்தக்க ஒரு பகுதி உண்டு. குழிக்கு அருகில் ஆடும் சிற்றடிகளே அவை.

நெடுந்தொலைவு பறக்கும் முதல் அடியைக் கண்டே பார்ப்போர் கைதட்டுகின்றனர். பயிலுவோரும் அதற்கே நேரத்தைச் செலவிடுகின்றனர். ஆனால் 72 அடிகள் வகுக்கப்பட்ட ஒரு சுற்றில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் புல்தரையில் பந்தை உருட்டும் ‘புட்’ அடிக்கென்றே கணக்கிடப்பட்டுள்ளன. சரிபாதி! சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அறிந்த நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும்.

கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைப் பாருங்கள். அவருடைய தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். மகன் அங்கேயே ஆட்டத்தைத் தாமாகக் கற்றார். மிகத் தொலைவு அடிப்பவர் அல்லர். ஆயினும் 2008-இல் தில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் அவருடையதாயிற்று. ‘சிப்’, ‘புட்’ என்னும் சிற்றடிகளின் பெயர்களை இணைத்து அவரைச் ‘சிப்புட்சியா’ என்றே அழைத்தனர்.

இவ்வடிகளில் மறைபொருள் ஏதுமில்லை. ‘சிப்’ அடிக்கையில் உடலின் பாரம் முன்காலில் இருக்கட்டும். கைகள் பந்துக்குச் சற்று முன்னே நிற்கட்டும். பந்தைத் தூக்க முயல வேண்டாம். மட்டையின் சரிவே அதைத் தூக்கும். தாழ எழுந்து உருளும் பந்தே நம்பத்தக்கது. உயரத் தூக்கி நிறுத்துவது கண்ணுக்கு அழகு, அவ்வளவே. மணற்குழியிலோ பந்தை அடிக்கலாகாது; அதற்கு ஓரிரு அங்குலம் பின்னுள்ள மணலை அடித்தால், மணலே பந்தை வெளியே கொணரும். நெடிய ‘புட்’டில் திசையைக் காட்டிலும் தொலைவின் அளவே பெரிது. குழியின் அகலம் நாலேகால் அங்குலந்தான். முதல் உருட்டலிலேயே அதில் விழவேண்டும் என்று துடியாமல், இரு முழத்துக்குள் நிறுத்தப் பழகுவது நலம்.

இதற்குப் பரந்த திடல் வேண்டா. சில சென்ட் புல்தரையும் ஒரு பழைய மட்டையும் போதும். ஆகையால் கோல்ஃப் கழகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடிகளின் பிள்ளைகளுக்கு, வாரத்தில் ஒரு காலையேனும் பயிற்சிப் புல்தரையைத் திறந்துவிடுங்கள்.