பெயர்ப் பலகைக்குக் காசு கொடுக்குமுன்



சென்ற மாதம் சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. அவருடைய கணவர் பல வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். இனி வெளிநாடு போவதில்லை என்று முடிவு. செல்லப் பிராணிகளுக்கான கடைகளை நடத்தும் ஒரு கொழும்புக் கம்பனி, அவர்களுடைய பெயரிலேயே வீரமுனைக்குப் போகும் வீதியில் ஒரு கடை போட உரிமை தருவதாகச் சொல்கிறதாம். பூனை, பறவை, வண்ண மீன், அவற்றுக்கான தீன், கூடு, தொட்டி எல்லாம் அவர்களே அனுப்புவார்கள். முன்பணம் பெரிய தொகை. அதற்குத் தன் நகைகளைக் கணவர் கேட்கிறார், கொடுக்கலாமா என்பதுதான் சகோதரியின் கேள்வி.

நான் அரபுக் கல்லூரியில் ஓதி, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவன், வியாபாரி அல்லன். ஆனாலும் இந்தக் கடிதம் ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல. வெளிநாட்டுக் காசோடு வந்து, யாரோ காட்டிய கடதாசிக் கணக்கை நம்பி, இரண்டு வருடத்தில் கடையை மூடியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் இந்த ஏற்பாடு என்ன? ஆங்கிலத்தில் பிரான்சைஸ் என்பார்கள். பெயர், பலகை, சரக்கு, நடத்தும் முறை எல்லாம் கம்பனியுடையது. முதல், வாடகை, உழைப்பு, நட்டம் எல்லாம் உங்களுடையது. இதற்காக ஆரம்பத்தில் ஒரு கட்டணமும், பிறகு மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்கும் கம்பனிக்குக் கொடுக்க வேண்டும். இது புதிதுமல்ல, தன்னளவில் தவறுமல்ல. அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய பெட்லேண்ட் என்ற செல்லப் பிராணிக் கடை இப்படித்தான் பல ஊர்களுக்குப் பரவியது. ஆனால் அந்த நாட்டு வியாபாரத்தின் முதுகெலும்பு நாய். கொழும்பிலும் நாய் வளர்க்கும் வீடுகள் நிறைய. நாய்க்குத் தீன், மருந்து, சவர்க்காரம், கழுத்துப் பட்டி என்று மாதம் தவறாமல் காசு வரும்.

நம் பக்கம் எப்படி? சம்மாந்துறையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் எத்தனை முஸ்லிம் வீடுகளில் நாய் இருக்கிறது? நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நம் மத்ஹபில் நாயை விற்பதும் கூடாது. எனவே கொழும்புக் கணக்கில் பெரிய வரவாக நிற்கும் ஒன்று இங்கே கணக்கிலேயே இல்லை.

நம் வளவுகளில் உயிர்ப் பிராணிகளே இல்லையா? தாராளமாக இருக்கின்றன. கோழி, ஆடு, மாடு, புறா, கூட்டில் லவ்பேர்ட்ஸ், கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன், அடுப்படியில் படுத்திருக்கும் பூனை. சின்னஞ்சிறு பறவையோடு விளையாடிய அபூ உமைர் என்ற சிறுவனிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அன்போடு விசாரித்ததை நாம் ஹதீஸில் படிக்கிறோம். ஆகையால் பறவை வளர்ப்பில் குற்றமில்லை. பூனையின் விலையைத் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. ஆனாலும் பயனுள்ள வீட்டுப் பூனையை விற்பது கூடும் என்றே இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள். பேணுதலாக இருக்க விரும்புகிறவர் பூனையை விற்காமல் பூனையின் தீனை விற்கலாம்.

மார்க்கத்தின் வாசல் திறந்திருக்கிறது. சந்தையின் வாசல் திறந்திருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

கம்பனிக்காரர் ஒரு வரைபடத்தை விரித்து, இத்தனை மைல் சுற்றளவில் இத்தனை ஆயிரம் பேர் என்று காட்டுவார். அது பொய்யாக இருக்காது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சம்மாந்துறைப் பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் சுமார் 60 ஆயிரம் பேர். ஆனால் தலைகளை எண்ணினால் சந்தை தெரியாது. மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் வீடுகளை எண்ண வேண்டும். அதைக் கொழும்பிலிருந்து எண்ண முடியாது. நீங்கள் எண்ணலாம், ஆண்களைவிட நன்றாகவே எண்ணலாம். ஏனென்றால் அடுப்படி வரை போய்ப் பேசக்கூடியவர்கள் நீங்கள்தான்.

ஒரு கொப்பியை எடுத்துக் கொள்ளுங்கள். நூறு வீடுகளுக்குப் போங்கள். "இப்படி ஒரு கடை போட்டால் வருவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் பெண்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இன்ஷா அல்லாஹ், வருவம் ராத்தா" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிக் கடை போட முடியாது. "போன மாதம் உங்கள் பூனைக்கு, பறவைக்கு, மீனுக்கு என்ன வாங்கினீர்கள்? எங்கே வாங்கினீர்கள்? எவ்வளவு காசு?" என்று கேளுங்கள். மீன் தலையும் மிஞ்சிய சோறும் தின்று வளரும் பூனை நல்ல பூனைதான். ஆனால் அது உங்கள் கடைக்கு வாடிக்கையாளர் அல்ல.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணம் மட்டுமே. உங்கள் எண்களை நீங்களே இட்டுக் கொள்ளுங்கள். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் கடை மாதம் 4 இலட்சம் ரூபாய்க்கு விற்கிறது என்று வைப்போம். கையில் மிஞ்சுவது 80 ஆயிரம். கம்பனி விற்பனையில் நூற்றுக்கு 6 கேட்கிறது. ஆறுதானே என்று தோன்றும். ஆனால் அது இலாபத்தில் அல்ல, விற்பனையில். 4 இலட்சத்தில் ஆறு வீதம் 24 ஆயிரம். உங்கள் 80 ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! மீதி 56 ஆயிரம். கடை வாடகை 18 ஆயிரம், உதவிக்கு நிற்கும் பையனுக்கு 30 ஆயிரம், மின்சாரம் 7 ஆயிரம் போனால் மிஞ்சுவது ஆயிரம் ரூபாய். மாதம் முழுதும் நின்ற கணவரின் கால்வலிக்கு அது போதுமா?

அந்த 4 இலட்சம் எங்கிருந்து வரும்? ஒரு வீடு மாதம் 2 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் 200 வீடுகள் வேண்டும். நீங்கள் போன நூறு வீட்டில் நான்கு வீடுதான் தீன் வாங்குகிறது என்று கண்டால், 200 வீடு கிடைக்க 5 ஆயிரம் வீடுகள் வேண்டும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் சம்மாந்துறைப் பிரிவில் ஏறக்குறைய 15 ஆயிரம் வீடுகள். அதாவது மூன்றில் ஒரு பங்கு ஊரில் தீன் வாங்குகிற அத்தனை பேரும், வேறு எந்தக் கடைக்கும் போகாமல் உங்களிடமே வர வேண்டும். அதுவும் நட்டமில்லாமல் நிற்பதற்கு மட்டும்.

இன்னொன்று, நம் ஊரில் காசு பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி ஓடாது. சம்மாந்துறை நெல்லால் வாழும் ஊர். பெரும்போகம் வெட்டும் மாசி, பங்குனியிலும் சிறுபோகம் வெட்டும் ஆவணியிலும் கை நிறையும். இடையில் கடன் கொப்பிதான் நிறையும். கம்பனியின் மாதக் கட்டணம் அறுவடைக்குக் காத்திருக்குமா?

மாரி காலத்தையும் எண்ணுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்களின் உயிர்கள் பறிபோனதை நாம் மறக்கவில்லை; அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக. அந்த வீதி மூடும் நாட்களில் சரக்கும் வராது, சனமும் வராது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களும் இருந்தன. காற்றுப் பம்பி நின்றால் தொட்டி மீன் என்னவாகும்? அதே வருடம் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. இறக்குமதித் தீனை நம்பிய கடைக்கு அப்போது என்ன நேர்ந்திருக்கும்? அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வீடு பூனைத் தீனைத்தான் முதலில் நிறுத்தும்.

வரைபடத்தில் தெரியாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீரமுனை தமிழ்ச் சகோதரர்களின் ஊர். பிள்ளையார் கோயிலைச் சுற்றி வாழும் ஊர். 1990 ஆகஸ்டில் அந்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு துயரமும் இரண்டு பக்கத்திலும் இன்னும் ஆறவில்லை. மைல் கணக்கில் பக்கத்தில் இருப்பவர் மனக் கணக்கிலும் பக்கத்தில் இருக்கிறார் என்று எண்ண முடியாது. அந்த வீதியில் கடை போடுகிறவர் இரு சமூகத்தின் காலடியும் பட வேண்டும் என்று விரும்பினால், பலகையை விட நாணயமே வேலை செய்யும். சரியான நிறுவை, காலாவதியாகாத சரக்கு, எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே முகம். இதைக் கம்பனி விற்காது. நீங்கள்தான் உழைத்துச் சேர்க்க வேண்டும்.

அங்குள்ள வீடுகளில் நாய் இருக்கலாம். நாயை விற்பது வேறு, அதன் பசிக்குத் தீன் கொடுப்பது வேறு. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு அல்லாஹ் மன்னிப்பு அருளிய செய்தி ஹதீஸில் வருகிறதல்லவா? ஆனால் பைக்கற்றில் பன்றி இறைச்சியோ, அறுக்கப்படாத பிராணியின் இறைச்சியோ கலந்திருந்தால் அதை விற்பது நமக்கு ஆகாது. லேபலைப் படிக்காமல் வாங்கி அடுக்க வேண்டாம்.

சரி, கடையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பெயர்ப் பலகைக்குக் காசு கொடுக்குமுன் பெயரில்லாமல் ஆறு மாதம் செய்து பாருங்கள். கோழித் தீன், புறாத் தீன், பறவைக்குத் தினை, மீன் தீன், கூடு, சிறு தொட்டி என்று ஊர் ஏற்கனவே வாங்குவதை வீட்டு முன் அறையில் சிறிதாக வைத்து விற்கலாம். உயிர்களைக் கூட்டிலடைத்து விற்பதைவிட உயிர்களுக்கு வேண்டியதை விற்பது பாதுகாப்பு. தீன் மூட்டை சாகாது, குஞ்சு சாகும். உலகமும் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது: அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019 முதலும், இங்கிலாந்தில் 2020 முதலும் பண்ணைகளில் பெருக்கிய நாய்க்குட்டிகளைக் கடைகளில் விற்பதற்குச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. நம் நாட்டிலும் நட்சத்திர ஆமை போன்ற காட்டுயிர்களைப் பிடித்து விற்பது குற்றம். பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். கடையில் விற்காமல் கிடக்கும் ஒவ்வொரு கூட்டுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

ஆறு மாதத்துக்குப் பிறகு கொப்பியைப் பாருங்கள். விற்பனை ஏறியிருந்தால் கம்பனியிடம் கேள்விகளோடு போகலாம். பங்கு விற்பனையிலா, இலாபத்திலா? பக்கத்தில் இன்னொருவருக்கும் இதே உரிமையைக் கொடுப்பார்களா? சரக்கு அவர்களிடமே வாங்க வேண்டுமா? காலாவதியானதைத் திருப்பி எடுப்பார்களா? இடையில் விட்டால் முன்பணம் திரும்புமா? ஏற்கனவே கடை நடத்தும் இரண்டு பேரை நாமே தேர்ந்து விசாரிக்கலாமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

இனி நகைக்கு வருகிறேன். சகோதரியே, நகை உங்களுடையது. மஹராக வந்தாலும், வாப்பா போட்டாலும், அதன் சொந்தக்காரி நீங்கள். கணவர் கேட்கலாம், கட்டாயப்படுத்த அவருக்கு உரிமையில்லை. கொடுப்பதானால் அது அன்பளிப்பா, கடனா, வியாபாரத்தில் பங்கா என்று முதலிலேயே பேசி எழுதிக் கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவில் 282ஆவது வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனம், நமக்குக் கட்டளையிடுகிறது. கணவன் மனைவிக்குள் எழுத்தா என்று வெட்கப்பட வேண்டாம். எழுதாததால்தான் எத்தனையோ வீடுகளில் பேச்சு நின்று போனது. நகையை வட்டிக் கடையில் அடகு வைத்து முன்பணம் கட்டுவதை மட்டும் செய்யவே வேண்டாம். கடை ஓடாத மாதத்திலும் வட்டி ஓடும்.

என் அபிப்பிராயம் இதுதான்: இப்போது நகையைக் கொடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு கொப்பியும் உங்கள் இரண்டு வாரத்தையும் கணவருக்குக் கொடுங்கள். நூறு வீட்டுக் கணக்கை இருவரும் ஒன்றாக இருந்து பாருங்கள். அந்தக் கணக்கு வேண்டாம் என்று சொன்னால், நகை பெட்டியில் இருக்கும், கணவரும் வீட்டில் இருப்பார். வேண்டும் என்று சொன்னால், தெரிந்து இறங்குகிறவரின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.