ட்ராக்கில் கடிகாரம் வேண்டாம்: காஞ்சிபுரம் மாவட்ட ஓட்டுநர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்



இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ட்ராக் டேக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முதல் நாள் ராத்திரியே டயருக்குக் காற்றுப் பார்த்து, பிரேக் ஆயில் மாற்றி, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் நம் ஊர்த் தம்பி தங்கைகளுக்குத்தான் இதை முதலில் எழுதுகிறோம். அன்றைக்கு லேப் நேரம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், எடுக்காதீர்கள். போன் ஆப்பில் வேண்டாம், ஜிபிஎஸ் கருவியில் வேண்டாம், பிட் சுவரில் நிற்கும் நண்பன் கையிலுள்ள ஸ்டாப்வாட்சிலும் வேண்டாம். கேட்பது இது ஒன்றுதான். ஏன் கேட்கிறோம் என்பதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

நாங்கள் பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, செவிலிமேடு, சின்ன காஞ்சிபுரம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் எங்களில் பாதிப் பேர். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் வேலைக்குப் போய், தவணையில் வாங்கிய வண்டியை ஓய்வு நாளில் ட்ராக்குக்கு எடுத்துப் போகிறவர்கள். ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்களும் இருக்கிறோம். வேகத்தை வெறுப்பவர்கள் எங்களில் யாரும் இல்லை.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. பல ஆண்டுகள் பந்தயம் அங்கேதான் நடந்தது. 1990 வாக்கில் கிளப்பின் சொந்தத் தளம் இருங்காட்டுக்கோட்டையில் வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறியது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இந்தத் தளத்தில்தான். 2005-இல் அவர் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன நம் மாவட்டத்துக்கு இந்தப் பெருமையும் உண்டு.

ட்ராக் டே என்பது பந்தயம் இல்லை. பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, சொந்த வண்டியைக் கொண்டுபோய், எதிரே லாரி வராத, மாடு குறுக்கே வராத இடத்தில் ஓட்டிப் பழகும் நாள். அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். முந்துவதற்கு இடம் குறித்திருப்பார்கள், முன்னே போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம் என்றும் பல இடங்களில் விதி உண்டு. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. இந்த நாளுக்குள் கடிகாரம் நுழைந்த நிமிடமே அது தகுதிச் சோதனை இல்லாத, பக்கத்தில் போகிறவருக்கே தெரியாத ஒரு பந்தயமாகிவிடுகிறது. எங்கள் கவலையெல்லாம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வீட்டுக் கார் ஒன்று 2 நிமிடம் 20 நொடியில் ஒரு சுற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேகம் மணிக்கு 95 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு நொடி குறைக்க வேண்டுமானால் சுற்று முழுவதும் மணிக்கு 0.7 கிலோமீட்டர் கூடினால் போதும். அனுபவசாலி அந்த ஒரு நொடியைப் பன்னிரண்டு வளைவுகளிலும் துளித்துளியாகச் சேர்ப்பார். புதியவர் அப்படிச் செய்வதில்லை. நேர்பாதையின் முடிவில், பிரேக் போடும் இடத்தைத் தள்ளிப்போட்டு, முழு நொடியையும் ஒரே இடத்தில் பிடிக்கப் பார்ப்பார்.

அங்கே கிடைப்பது என்ன தெரியுமா? 150 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 60-க்குக் குறைக்க வேண்டும். 85 மீட்டர் முன்னால் பிரேக் போட்டவர் அடுத்த சுற்றில் 75 மீட்டர் முன்னால் போடுகிறார். மிச்சமாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதற்காக அந்த டயர்களிடம் அவர் கேட்கும் பிடிப்பு, சாலைக்கென்று செய்த டயர் கொடுக்கக்கூடிய கடைசி எல்லைக்கு வந்து நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர் மதிய வெயிலில், நான்காவது ஐந்தாவது சுற்றில், பிரேக் பேட் சூடேறி, ஆயில் கொதிக்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில் அந்த எல்லையும் பின்னுக்குப் போயிருக்கும். நேரம் குறைந்ததென்று திரையில் எண் பச்சையாகத் தெரிகிறது, காலடியில் பெடல் உள்ளே இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

கார்க்காரர்களைவிட பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்களைச் சுற்றித் தகடு கிடையாது.

இன்னொன்று, ஆப் காட்டும் அந்த எண்ணே நம்பத்தக்கதில்லை. பெரும்பாலான போன்கள் இருக்கும் இடத்தை நொடிக்கு ஒரு முறைதான் குறிக்கின்றன. 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி சுமார் 42 மீட்டர் போய்விடும். நடுவில் நடந்ததை ஆப் உத்தேசமாகக் கணக்கிட்டு நிரப்புகிறது. அந்த உத்தேசத்தின் தசமப் புள்ளிக்காகத்தான் இரண்டு நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். முன்னால் ஒரு மெதுவான வண்டி வந்தால் மூன்று நொடி போச்சு. வெயில் ஏறினால் டயர் அழுத்தம் மாறும், நேரமும் மாறும். ஒருவர் நன்றாக ஓட்டினாரா என்பதை இதில் எது சொல்கிறது?

கண் எங்கே இருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது, மெதுவாக உள்ளே வர வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமாக வருகிறவர் இருக்கிறார். இவற்றைப் பார்க்க ஓட்டுநருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள். அந்த நேரத்தில் டேஷ்போர்டில் முந்தைய சுற்றைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று ஒரு எண் துடித்துக்கொண்டிருந்தால், வளைவில் கவிழ்ந்து கிடக்கும் ஒருவருக்காகக் காட்டப்படும் மஞ்சள் கொடி கண்ணில் படாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

முழு ஏற்பாட்டோடு நடக்கும் பந்தயத்திலேயே என்ன நடந்தது என்பது நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2023 ஜனவரியில் தேசியக் கார்ப் பந்தயத்தில் 59 வயது மூத்த வீரர் ஒருவர் இதே தளத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தான். இருவருமே ஓட்டத் தெரிந்தவர்கள். மருத்துவர், ஆம்புலன்ஸ், கொடி காட்டும் மார்ஷல் எல்லாம் தளத்தில் இருந்தன. அந்தக் குடும்பங்களின் துக்கத்தை வாதத்துக்குப் பயன்படுத்துவது எங்கள் எண்ணமில்லை. கடிகாரத்தோடு ஓட்டுவது எவ்வளவு கனமான காரியம் என்பதை மறக்கக்கூடாது, அதற்காகவே சொல்கிறோம்.

பணக் கவலையும் உண்டு: காப்பீட்டுப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தினால் இழப்பீடு கிடையாது என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு விடுவது, ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ட்ராக்கில் ஓட்டிய வண்டிக்கு இழப்பீடு கேட்பதே சிரமம். லேப் நேரம் எடுத்த பதிவு போனில் இருந்தால், அது வேகச் சோதனை என்பதற்கு நாமே எழுதிக் கொடுத்த சாட்சி. இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கியிருக்கும் வண்டி உருக்குலைந்தால், அந்தச் சுமை தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் தலையில்தான் விழும்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடம் 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. பணம் கட்டி யார் வேண்டுமானாலும் தங்கள் காரில் அதில் ஓட்டலாம். வேகத்துக்கே பெயர் பெற்ற அந்த இடத்தில், பொதுமக்கள் ஓட்டும் நேரத்தில் லேப் நேரம் எடுக்கத் தடை இருக்கிறது. இங்கிலாந்திலும் பெரும்பாலான ட்ராக் டேக்களில் இதே விதிதான். மீறுகிறவரை வெளியே அனுப்புவார்கள். அவர்கள் பயந்தவர்கள் இல்லை, பல தலைமுறைகளாகப் பந்தயம் பார்த்தவர்கள்.

கோர்வைச் சேலைக்குத் தறியில் உட்கார்த்தும் பிள்ளையிடம் நம் வீடுகளில் யாரும் இன்றைக்கு எத்தனை முழம் என்று கேட்பதில்லை. உடலும் கரையும் சேரும் இடம் பிசிறில்லாமல் வருகிறதா என்றுதான் அப்பா குனிந்து பார்ப்பார். மூன்று நாடாவும் கைக்குப் பழகும் முன்னே அவசரப்பட்டால் பாவு இழை அறும், கோர்வை விலகும். முழக்கணக்கு அப்புறம் தானாக வரும். ட்ராக்கில் முதல் வருடம் பார்க்க வேண்டியதும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் விழுகிறதா, வளைவின் உள்முனையை ஒரே மாதிரி தொடுகிறோமா, வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை நடுவில் விடாமல் ஏற்ற முடிகிறதா. வளைவிலிருந்து வெளிவரும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடினால், அந்த லாபம் நேர்பாதை முழுவதும் கூடவே வரும். தாமதமாக பிரேக் போட்டு மிச்சப்படுத்துவதைவிட அது பெரும்பாலும் அதிகம், ஆபத்து குறைவு. இதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் வேண்டும், கடிகாரம் தேவையில்லை.

எங்களுக்குள்ளேயே இதில் சண்டை நடந்தது. நேரம் பார்க்காமல் முன்னேற்றம் எப்படித் தெரியும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பந்தய வீரராக வேண்டும் என்பவருக்கு நேரம் இல்லாமல் முடியாது என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். அவருக்கு வழி இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பில் உரிமம் வாங்கி, நேரம் குறிப்பதற்கென்றே நடத்தும் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் வரலாம். டிவிஎஸ், ஹோண்டா போன்ற நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே வகை வண்டி கொடுத்து நடத்தும் பந்தயங்கள் உண்டு. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே கடிகாரம் ஓடுவதற்கு முன்னால் வண்டியைப் பரிசோதிப்பார்கள், ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், வரிசை பிரிப்பார்கள். கடிகாரம் அங்கே இருக்கட்டும்.

பேசிப் பேசிக் கடைசியில் ஒரே ஒரு விலக்குக்கு ஒத்துக்கொண்டோம். பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தால், அவர் பதிவுக் கருவி வைக்கச் சொன்னால், திரையை மூடி வைத்துவிட்டு, ஓட்டம் முடிந்த பிறகு அவரோடு சேர்ந்து பார்க்கலாம். அப்போதும் சிறந்த சுற்று எது என்று தேடக்கூடாது. சுற்றுக்குச் சுற்று எவ்வளவு மாறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

கடிகாரம் இல்லையென்றால் பசங்கள் நெடுஞ்சாலைக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நாங்கள் பார்ப்பது வேறு. ட்ராக்கில் எண் துரத்திப் பழகிய கைதான் திரும்பி வரும் வழியில், பொன்னேரிக்கரைக்கு முன்னாலேயே, அதே ஆப்பைத் திறக்கிறது. அந்தச் சாலையில் கம்பெனி பஸ் நிற்கிறது, ஷேர் ஆட்டோ திரும்புகிறது, பட்டு மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு மாமா போய்க்கொண்டிருக்கிறார். பொதுச் சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு, 10,000 ரூபாய் வரை போகும். 2023 செப்டம்பரில் தாமல் அருகே ஒரு யூடியூபர் முன்சக்கரத்தைத் தூக்கப் போய் வண்டியோடு தூக்கி எறியப்பட்டதை நாடே வீடியோவில் பார்த்தது. கைதானார், ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குப் போயிற்று.

இனி ஓட்டாதவர்களுக்கு. ட்ராக்கிலிருந்து திரும்பி வரும் பையனிடம் மூங்கில் மண்டபம் டீக்கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "என்ன டைம் போட்டே?" என்பதுதான். தயவுசெய்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "எந்த வளைவு கஷ்டமா இருந்துச்சு? மாஸ்டர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள், அவன் அரை மணி நேரம் பேசுவான். பெற்றோர்களே, போகாதே என்று தடுத்தால் சொல்லாமல் போவார்கள். ஹெல்மெட், கையுறை, ரைடிங் சூட், பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் ஒரு நாள் கூடவே போய்ப் பாருங்கள். மெக்கானிக் அண்ணன்மார்களே, நம் கடையில் ட்யூன் செய்த வண்டி எத்தனை நொடியில் சுற்றியது என்று ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்துங்கள். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் அனுப்ப மாட்டேன் என்று சொல்லுங்கள். ரீல்ஸ் போடும் நண்பர்களே, ஓட்டத்தைக் காட்டுங்கள், ஓரத்தில் ஓடும் எண்ணை எடுத்துவிடுங்கள். பந்தயம் கட்டிப் பணம் வைப்பவர்களோடு எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

ட்ராக் டே நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே லேப் நேரம் எடுக்கக்கூடாது என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். காலை விளக்கக் கூட்டத்தில் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மீறுகிறவரை அன்றைய மிச்ச ஓட்டத்திலிருந்து நிறுத்துங்கள். பணம் கட்டியவர் கோபப்படுவார், படட்டும். காஞ்சிபுரத்திலிருந்து வரும் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

அடுத்த ட்ராக் டேக்குப் பெயர் கொடுத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் விடியற்காலையில் பொன்னேரிக்கரையில் கூடி ஒன்றாகப் போகலாம். முதல் முறை வருகிறவருக்கு எங்களில் ஒருவர் நாள் முழுவதும் கூட இருப்பார், கொடிகளைச் சொல்லிக்கொடுப்பார், டயரைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார். பிட்டில் ஒரு பை வைப்போம். வண்டியில் ஏறும் முன் போன்களை அதில் போட்டுவிட்டுப் போங்கள், மாலையில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ட்ராக்கில் ஓட்டும் காஞ்சிபுரத்து நண்பர்கள்