அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் உறக்கமிழக்கும் தாதியர்

அரச வைத்தியசாலைத் தாதியர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகிய இரண்டுடன் முடிந்துவிடுவது நமது நாட்டில் வழமையாகிவிட்டது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் உயர்த்தப்பட்டு, மேலதிகக் கொடுப்பனவைக் கணிக்கும் முறை மாற்றப்பட்டபோது, அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. அரசாங்கமும் தொகையைப் பற்றிப் பேசியது. தொழிற்சங்கங்களும் தொகையைப் பற்றியே பேசின. அந்த மேலதிக நேரத்துக்குள் கரைந்துபோகும் உறக்கம் பெரிதாகப் பேசப்படவில்லை.

காலை 7 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, 1 மணி முதல் இரவு 7 மணி வரை, இரவு 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை என்பதே பொதுவாக உள்ள கடமை ஒழுங்கு. காலைக் கடமையை முடித்தவர் அன்றிரவே மீண்டும் கடமைக்குச் சமுகமளிப்பது அரிதான விடயமல்ல. அவ்வாறாயின் 24 மணித்தியாலத்தில் 18 மணித்தியாலம் கடமை. எஞ்சிய ஆறு மணித்தியாலத்துக்குள் பஸ் பயணம், சமையல், பிள்ளைகளின் பாடசாலை அலுவல்கள் யாவும் அடங்க வேண்டும். தாதியரில் பெரும்பான்மையினர் பெண்கள் என்பதை மறந்துவிடலாகாது. தூர மாவட்டங்களிலிருந்து வடக்கு, கிழக்கில் பணியாற்றுவோர், ஊர் செல்லும் விடுமுறை நாட்களைச் சேர்ப்பதற்காகக் கடமைகளைத் தாமே நெருக்கி எடுத்துக்கொள்வதும் உண்டு.

சாதாரண விடுதியில் களைப்பு ஒரு சிரமம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலோ அது ஆபத்து. செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருக்கும் நோயாளிக்கு ஏற்றப்படும் மருந்தின் அளவில் ஒரு தசமப் புள்ளி இடம்மாறினால் அதனைத் திருத்த அவகாசம் கிடைப்பதில்லை. 24 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் 0.10 வீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்வதாக 1997 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நமது நாட்டில் வாகனச் சாரதிக்குள்ள எல்லையே 0.08 வீதம்தான்! 12.5 மணித்தியாலத்துக்கு மேல் நீளும் கடமைகளில் தாதியர் தவறிழைக்கும் சாத்தியம் மூன்று மடங்காவதை 2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. தாதியரின் சொந்த உடல்நலமும் இதில் தப்பவில்லை. இரவுநேர வேலையை, புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சாத்தியமுள்ளதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2007 இல் வகைப்படுத்தி, 2019 இல் மீளவும் உறுதிப்படுத்தியது.

2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் அனுபவமிக்க தாதியர் பலர் வெளிநாடு சென்றனர். அதிதீவிர சிகிச்சையில் தேர்ச்சி பெற்ற ஒருவரின் இடத்தைப் புதிதாக நியமனம் பெறுபவர் மறுநாளே நிரப்பிவிட முடியாது. எனவே எஞ்சியிருப்போரே இரட்டிப்பாக உழைக்கின்றனர். மேலதிக நேரம் என்பது ஆளணிப் பற்றாக்குறைக்கு இடப்பட்ட ஒட்டு. ஆளணியை அதிகரிக்காது கொடுப்பனவை மட்டும் குறைத்தால் செலவு குறையலாம். கடமை நேரம் குறையாது.

இரு கடமைகளுக்கிடையே தொடர்ச்சியாக 12 மணித்தியால ஓய்வு வேண்டும் என்பது சர்வதேச தொழில் தாபனம் 1977 இலேயே தாதியருக்காக வெளியிட்ட பரிந்துரையாகும். நாடெங்கும் இதனை உடனே நடைமுறைப்படுத்துவது கடினம் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும், கட்டில்கள் குறைவாக உள்ள அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளிலாவது காலையும் இரவும் ஒரே நாளில் வரும் கடமைப் பட்டியலைச் சுகாதார அமைச்சு நிறுத்த முடியும். அதனால் இழக்கப்படும் வருமானத்தை விசேட கொடுப்பனவாக ஈடுசெய்யாவிடின் தாதியரே அதனை எதிர்ப்பர். மேலதிக நேரத்தை நம்பி வங்கிக் கடன் பெற்ற ஒருவர், வீட்டுக்குப் போய் உறங்குங்கள் என்ற சுற்றறிக்கையை வேறெவ்வாறு வரவேற்பார்?