யந்திரம் எழுதினும் பொறுப்பு மனிதனுடையதே

செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறிச் சாதனம் இன்று வழக்குரைஞர்களின் மேசைக்கும் வந்துவிட்டது. மனு வரையவும், முன் தீர்ப்புகளைத் தேடவும், ஆவணங்களை மொழிபெயர்க்கவும் அது உதவுகிறது. அதனால் காலமும் பொருளும் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. ஆயின், அது செய்யும் பிழைக்குப் பொறுப்பாளி யார்?

இச்சாதனம் உண்மையை ஆராய்ந்து கூறுவதன்று. ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்தே வாக்கியம் அமைக்கிறது. ஆகவே, நடவாத வழக்கையும் ஆண்டும் எண்ணும் இட்டு நடந்ததுபோல் கூறிவிடும். நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு, இத்தகைய பொய்த் தீர்ப்புகளை ஆதாரமாகக் காட்டிய வழக்குரைஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சாதனத்தை உபயோகித்தது குற்றமன்று. சரிபாராததும், ஐயம் எழுந்த பின்னரும் அவற்றையே சாதித்ததுமே குற்றம் என்பது அதன் சாரம். பெங்களூரிலும், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த ஆணையொன்று, இல்லாத தீர்ப்புகள் அதில் இடம்பெற்றமையால் திரும்பப் பெறப்பட்டது.

கோலார் தங்கவயல் மக்களுக்கு இது தொலைவான விஷயமன்று. இங்குச் சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர். நீதிமன்றக் காகிதங்களோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளவை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், தொழிலாளர் உரிமைகள் நெடுங்காலம் நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டன. தம்மால் படிக்க இயலாத காகிதத்தில் ஒரு முதியவர் கையொப்பமிடுவது வழக்குரைஞர்மீதுள்ள நம்பிக்கையினால்தான். நீதிமன்றம் ஆங்கிலத்தில் ‘லீவ் கிராண்டட்’ என்று எழுதினால், மேல்முறையீட்டுக்கு அனுமதி அளிக்கப்பட்டது என்று பொருள். அதனை ‘விடுமுறை வழங்கப்பட்டது’ என்று யந்திரம் பெயர்த்தால், அம்முதியவர் தம் வழக்கின் நிலையை எங்ஙனம் அறிவார்?

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வகுத்த நெறிமுறை இங்குக் கருதத்தக்கது. தீர்ப்பை யந்திரம் முடிவுசெய்தலாகாது. யந்திர மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்த்தல் வேண்டும் என்று அது விதிக்கிறது. வழக்குரைஞர்க்கும் இவ்வொழுங்கு தேவை. புதுச் சட்டத்துக்காகக் காத்திருத்தலும் வேண்டா; தொழில் நெறி தவறியவரைத் தண்டிக்க 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் 35ஆம் பிரிவு இடமளிக்கிறது.

சுரங்கத்தில் எத்தனை கருவிகள் இருப்பினும், 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பொறுப்பை உரிமையாளர்மீதும் மேலாளர்மீதும் சுமத்தியிருந்தது. நீதித்துறையிலும் அம்முறையே பொருந்தும். மூலத் தீர்ப்பைப் படித்துப் பார்த்தல், கட்சிக்காரரின் இரகசியத்தைப் பொதுச் சாதனத்தில் இடாதிருத்தல், யந்திர உதவி பெற்றதை அவருக்குத் தெரிவித்தல் ஆகிய மூன்றும் வழக்குரைஞரின் கடமைகள். இவற்றைக் கேட்டறியும் உரிமை தமக்கு உண்டென்பதை மக்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஆற்றத்தக்க நற்பணியாகும்.