வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் ஒரு கடிதம்

அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பார்கள் நம் பெரியோர். அரசாங்க அலுவலகங்களில் அழுதால் மட்டும் போதாது, எழுத வேண்டும். அந்த எழுதும் பழக்கம் நம்மிடையே குறைந்து வருகிறது என்பதே என் கவலை.

2022 மார்ச் 12-ஆம் நாள் நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தலை நாம் மறந்திருக்க மாட்டோம். 18 வயது நிரம்பியவர்கள் நம் நாட்டில் முதன்முறையாக வாக்களித்த தேர்தல் அது. 56 தொகுதிகள், 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அன்று விரலில் பூசிய மையைப் படமெடுத்து மகிழ்ந்தோம். ஆனால், நம் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்கிறோம்? பூக்கடைக்கு உரிமம் கொடுப்பது யார்? ஊராட்சி மன்றம்தானே! அந்த மன்றத்திற்கு நாம் வாக்களித்தோமா? இல்லை. ஜொகூரில் உள்ள 16 ஊராட்சி மன்றங்களில் ஒன்றிலாவது மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பர் 1-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. பின்னர் மற்ற நகரங்களும் தொடர்ந்தன. 1957-இல் ஜார்ஜ் டவுனின் முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிர்வாகக் குறைபாடுகள் எழுந்தன என்று கூறி, ஜொகூர் பாரு, பத்து பகாட் உள்ளிட்ட சில மன்றங்களின் பொறுப்பை மாநில அரசுகள் எடுத்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

அதே 1965-இல் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம்மவர். குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே சிறந்தது என்பது அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கலாம். எண்ணிக்கை 8-க்குக் குறையாமல் 24-க்கு மிகாமல் இருக்கலாம். ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேற்படக்கூடாது என்கிறது அச்சட்டம். தேர்தலை மீண்டும் கொண்டுவர பினாங்கு எடுத்த முயற்சியும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

வாக்குச்சீட்டு பறிபோன இடத்தில் நமக்கு எஞ்சியிருப்பது என்ன? ஆவணம்! யாரை நியமித்தார்கள், அவர் எந்த வட்டாரத்திற்குப் பொறுப்பு, தவணை எப்போது முடிகிறது, தேர்தல் காலத்தில் பொது மண்டபமும் திடலும் யாருக்கு, என்ன கட்டணத்தில் கொடுக்கப்பட்டன? இவை மதிப்பீட்டு வரி செலுத்தும் எவரும் கேட்கக்கூடிய கேள்விகள்.

மாநிலத் தேர்தல் முடிந்த சில வாரங்களில், பாட ஒப்படைப்பு ஒன்றிற்காக நானும் இரு நண்பர்களும் ஜொகூரில் உள்ள ஓர் ஊராட்சி மன்றத்திற்குச் சென்றோம். தேர்தல் காலத்தில் செராமாவுக்கு வாடகைக்கு விடப்பட்ட மண்டபங்களின் பட்டியலையும், மிச்சமிருந்த பதாகைகளை அகற்ற மன்றம் செய்த செலவுக் கணக்கையும் கேட்டோம். முகப்பிடத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், அவருடைய முதல் கேள்வி, “நீங்கள் எந்தக் கட்சி?” என்பது. “கட்சி இல்லை, மாணவர்கள்” என்றோம். கடிதம் கொடுக்கச் சொன்னார். மலாய்மொழியில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். மூன்று வாரம் பதில் இல்லை. முதல் கடிதத்தின் நகலை இணைத்து இரண்டாவது கடிதம் அனுப்பினோம். அதன் பிறகு மண்டபப் பட்டியல் ஒரு பக்கத்தில் வந்தது. செலவுக் கணக்கு மட்டும் ‘உள் ஆவணம்’ என்று மறுக்கப்பட்டது.

இதைக் கேள்விப்பட்ட என் மாமா, “எதுக்கும்மா இந்த வேலை? நம்ம தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பாரே!” என்றார். மாமா சொன்னதில் தவறான எண்ணம் இல்லை. தோட்டப்புறக் காலத்திலிருந்து நம் சமுதாயம் அப்படித்தான் காரியம் சாதித்து வந்திருக்கிறது. ஆனால், தொலைபேசியில் முடியும் காரியத்திற்குச் சுவடு இல்லை. அடுத்த தேர்தலில் தலைவர் மாறினால் வாக்குறுதியும் மாறிவிடும். கோயில் நிலம், இடுகாடு, கடை உரிமம் என்று எத்தனை விவகாரங்களில் “அன்றைக்குச் சொன்னாரே” என்று புலம்பியிருக்கிறோம்! சொன்னதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்கு உண்டு. எங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு பக்கத்தில் மன்றத்தின் முத்திரை இருக்கிறது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

சட்டம் நமக்கு முழுக்கைகொடுக்கவில்லை என்பதும் உண்மை. தகவல் பெறும் உரிமைக்கென சிலாங்கூரும் பினாங்கும் மாநிலச் சட்டம் இயற்றியுள்ளன. ஜொகூரில் அப்படி ஒரு மாநிலச் சட்டம் இல்லை. மறுபுறம் 1972-ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் அலுவலர்களைத் தயங்க வைக்கிறது. தமிழ்நாடோ 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் கண்டது. 2005-இன் இந்தியச் சட்டம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. இலங்கையும் 2016-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

ஆயினும் இருக்கும் வழிகளையாவது நாம் பயன்படுத்துகிறோமா? ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டம், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கூறுகிறது. நம்மில் எத்தனை பேர் ஒருமுறையேனும் போய் அமர்ந்திருக்கிறோம்? வேட்பாளர்களின் தேர்தல் செலவுக் கணக்கு ஊராட்சி மன்றத்திடம் இருக்காது. தேர்தல் ஆணையத்தின் மாநில அலுவலகத்தில் அதைக் குறிப்பிட்ட காலத்திற்குள் பார்வையிடத் தேர்தல் குற்றச் சட்டம் இடம் தருகிறது. எந்த ஏடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வெற்றி.

எல்லா ஏட்டையும் திறந்து போடு என்று நான் சொல்லவில்லை. தனிமனிதர்களின் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் நமக்குத் தேவையில்லை. பொதுப் பணமும் பொதுப் பதவியும் தொடர்பானவையே நம் கேள்விகள். இது கட்சி அரசியலும் அன்று. “மாணவர்களுக்கு ஏன் இந்த வம்பு?” என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கடிதம் எழுதுவது கல்வியின் முதல் பயன்களில் ஒன்று.

நம் கழகத்திற்கு என் வேண்டுகோள் இதுதான். கவியரங்கமும் பட்டிமன்றமும் தொடரட்டும். அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர் பட்டியல், பொறுப்பு வட்டாரம், தவணைக் காலம், முழுக்கூட்ட நாள்கள் ஆகிய நான்கையும் கடிதம் வழி கேட்போம். வரும் பதிலைத் தமிழில் எழுதி, வட்டாரத் தமிழ்ப்பள்ளிக்கும் கோயில் நிர்வாகத்திற்கும் அனுப்புவோம். பதில் வராவிட்டால் அனுப்பிய தேதியையும் பதில் வராததையும் இந்த மலரிலேயே பதிவு செய்வோம். முன்னாள் மாணவர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். கடிதத்தைத் திருத்திக் கொடுக்க ஒரு மாலை நேரம் போதும்.

ஆதி நாகப்பன் ஆணையம் பரிந்துரைத்த தேர்தல் திரும்பி வருமா என்பது நம் கையில் மட்டும் இல்லை. கேள்வி கேட்பது நம் கையில்தான் இருக்கிறது. எழுதுகோலை எடுப்போம் தோழர்களே!