கால் இன்ச் குறைந்தாலும் கம்பி எண்ண வேண்டியதுதான்... அமெரிக்க ஷாட்கன் சட்டத்தின் அளவுக் கணக்கு!

அமெரிக்காவில் ஷாட்கன் வைத்திருப்பவர் வீட்டில் துப்பாக்கியோடு சேர்த்து இருக்க வேண்டிய இன்னொரு பொருள், இன்ச் டேப். இது கேலிக்குச் சொல்வதல்ல. குழல் 18 இன்ச் இருந்தால் அது கடையில் சாதாரணமாக விற்கும் துப்பாக்கி. அதே துப்பாக்கியின் குழல் 17¾ இன்ச் என்றால், அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருப்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை!

ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவில் பால்ரஸ் போன்ற சின்னச் சின்ன குண்டுகள் பல சிதறிப் பாயும் துப்பாக்கி. வாத்து, முயல் வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பயன்படுவது. நீளமாக இருக்கும் வரை அதை யாரும் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வங்கிக்குள் நுழைய முடியாது. ஆனால், ஆக்ஸா பிளேடால் குழலையும் பின்பக்கத் தோள்கட்டையையும் அறுத்துவிட்டால், கோட்டுக்குள் அடங்கிவிடும். சட்டத்துக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

வாசலைத் திறந்துவிட்டு, கொல்லைக்குப் பூட்டு

1920-களில் அமெரிக்காவில் மதுவிலக்கு. கள்ளச்சாராயக் கும்பல்கள் தெருவில் மோதிக்கொண்ட காலம். 1929 காதலர் தினத்தன்று சிகாகோவில் ஒரு கும்பல் 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றது நாட்டையே உலுக்கியது. அந்தச் சூட்டில் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஷாட்கன்னும் பயன்பட்டது. இப்படிப்பட்ட சம்பவங்களின் தொடர்ச்சியாக, 1934 ஜூன் 26-ம் தேதி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டதுதான் தேசிய துப்பாக்கிச் சட்டம்.

முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தால், நீளத் துப்பாக்கியை வாங்கி அறுத்து அதையே கைத்துப்பாக்கி போலப் பயன்படுத்துவார்கள் அல்லவா? அதைத் தடுக்கத்தான் குறைந்தபட்ச நீளம் என்ற விதி. கடைசியில் எதிர்ப்பு காரணமாகக் கைத்துப்பாக்கிகளை வரைவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதை ஒட்டி வந்த நீள விதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, கொல்லைப்பக்கத்துக்குப் பூட்டு போட்ட கதைதான்!

விதி இதுதான். ஷாட்கன்னின் குழல் 18 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. ஷாட்கன்னை மாற்றி அமைத்தால், மொத்த நீளம் 26 இன்ச்சுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் முன்கூட்டியே விண்ணப்பித்து, பதிவு செய்ய வேண்டும். 2025 வரை 200 டாலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. 1934-ல் 200 டாலர் என்பது ஒரு சாதாரண ஷாட்கன்னின் விலையைவிடப் பல மடங்கு. கட்ட முடியாத வரியைப் போட்டால் யாரும் கேட்டு வர மாட்டார்கள் என்பதுதான் கணக்கு.

எப்படி அளப்பது?

வெளியிலிருந்து டேப்பை வைத்து அளந்தால் செல்லாது. முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு, தோட்டா போடும் பகுதியை மூடிவிட்டு, குழலின் வாய் வழியாக ஒரு நீளக் குச்சியை உள்ளே விட்டு, அது முட்டி நிற்கும்போது வாயருகே அடையாளம் போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். குழலின் நுனியில் திருகி மாட்டும் இணைப்புகள் கணக்கில் வராது. வெல்டிங் வைத்தது போல நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் மட்டுமே அந்த நீளமும் சேரும்.

மொத்த நீளத்தைக் குழலுக்கு இணையான நேர்க்கோட்டில், ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அளப்பார்கள். இங்கேதான் மடக்குக் கட்டை குழப்பம் வருகிறது. தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையை ஆங்கிலத்தில் ஸ்டாக் என்பார்கள். சில துப்பாக்கிகளில் இது கீல் வைத்து மடங்கும். மடக்கினால் 22 இன்ச், விரித்தால் 31 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். எது நீளம்?

மத்திய அரசின் துப்பாக்கித் துறையான ஏ.டி.எஃப், கட்டையை விரித்த நிலையில்தான் அளக்கிறது. ஆக, மடக்கிய நிலையில் 26 இன்ச்சுக்குக் குறைந்தாலும் அந்தத் துப்பாக்கி சட்டப்படி சரியே. பிரிட்டனில் இதற்கு நேர் எதிர். அங்கே மொத்த நீளம் பார்க்கும் விதிகளில், மடங்குகிற, கழற்றுகிற, நீட்டிச் சுருக்குகிற கட்டையைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் என்றால் அப்படிப்பட்ட கட்டை நீங்கலாக 40 இன்ச் வேண்டும், குழல் மட்டும் 24 இன்ச். அமெரிக்காவில் தாராளமாக விற்கும் பல துப்பாக்கிகள் லண்டனில் இறங்கினால் தடை செய்யப்பட்ட ஆயுதம்.

அமெரிக்காவுக்குள்ளேயே மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். மடக்குக் கட்டையும் பிஸ்டல் பிடியும் சேர்ந்திருக்கும் அரைத் தானியங்கி வகை ஷாட்கன் கலிஃபோர்னியாவில் தாக்குதல் ஆயுதம். 1994 முதல் 2004 வரை நாடு முழுவதும் இதே போன்ற தடை இருந்தது. காலாவதியானதும் காங்கிரஸ் புதுப்பிக்கவில்லை. மாநில எல்லையைத் தாண்டிக் காரில் போகிறவர் பெட்ரோலைப் பார்ப்பதோடு இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் சந்து கண்டுபிடித்தார்கள். 2017-ல் மாஸ்பெர்க் நிறுவனம் ‘590 ஷாக்வேவ்’ என்ற துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழல் 14 இன்ச்சைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சட்டவிரோதமா என்றால், இல்லை! சட்டப்படி ‘ஷாட்கன்’ என்பது தோளில் வைத்துச் சுட உருவாக்கியது. இந்தத் துப்பாக்கிக்குத் தொழிற்சாலையிலிருந்தே தோள்கட்டை கிடையாது, கைப்பிடி மட்டும்தான். மொத்த நீளம் 26 இன்ச்சுக்கு ஒரு துளி மேலே. அதனால் அது ‘ஷாட்கன்’ அல்ல, வெறும் ‘துப்பாக்கி’. ஆசைப்பட்டு வீட்டில் ஒரு தோள்கட்டையை மாட்டினால், துப்பாக்கி நீளமாகிறது, ஆனால் குற்றமாகிவிடுகிறது. பாதுகாப்புக்காக எழுதிய சட்டம் இந்த இடத்தில் இலக்கண வகுப்பு நடத்துவது போல இருக்கிறது.

நீதிமன்றம் வரை போன குழல்

1938-ல் ஜாக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இருவர், பதிவு செய்யாத ஒரு இரட்டைக் குழல் ஷாட்கன்னை ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோனதாகச் சிக்கினார்கள். குழல் 18 இன்ச்சுக்குக் குறைவு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசியல் சட்டமே தந்திருக்கிறது என்று சொல்லி, கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே அவர்கள் தரப்பில் வாதாட ஒரு வக்கீல்கூட வரவில்லை. தீர்ப்பு வந்த 1939 மே 15-ம் தேதி மில்லர் உயிரோடும் இல்லை. அதற்கு முந்தைய மாதமே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். குடிப்படைக்கு இப்படிப்பட்ட குட்டைத் துப்பாக்கி தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் நிலைத்தது. எதிர்த்தரப்பே இல்லாமல் வந்த அந்தத் தீர்ப்பை, அடுத்த 70 ஆண்டுகளுக்கு இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டிச் சண்டை போட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

ரூபி ரிட்ஜ்: மூன்று உயிர்கள்

ஆனால் இந்த இன்ச் கணக்கு வேடிக்கையாக இல்லாமல் போன இடம், ஐடஹோ மாநிலத்தின் ரூபி ரிட்ஜ் மலை. மின்சாரம்கூட இல்லாத மரவீட்டில் மனைவி விக்கி, பிள்ளைகளோடு வாழ்ந்தவர் ராண்டி வீவர். வெள்ளையர் தனியே வாழ வேண்டும் என்ற கொள்கைக்காரர். அவருடைய கருத்து யாருக்கும் ஏற்புடையதாக இருக்க வேண்டியதில்லை, வழக்கும் அதற்காக அல்ல. 1989-ல் குழல் அறுத்த இரண்டு ஷாட்கன்களை ஒருவரிடம் விற்றார். வாங்கியவர் ஏ.டி.எஃப்-பின் ரகசிய ஆள்.

‘எங்களுக்கு உளவு சொல், வழக்கு வேண்டாம்’ என்று அதிகாரிகள் பேரம் பேசினார்கள். வீவர் மறுத்தார். வழக்கு பாய்ந்தது. நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டிய நாள் 1991 பிப்ரவரி 20. அவருக்குப் போன கடிதத்திலோ தவறுதலாக மார்ச் 20 என்று இருந்தது. பிப்ரவரியில் அவர் வரவில்லை. பிடிவாரன்ட் பிறந்தது. வீவர் மலையை விட்டு இறங்கவே இல்லை.

ஒன்றரை ஆண்டு இழுத்த பிறகு, 1992 ஆகஸ்ட் 21-ம் தேதி, மலையை வேவு பார்க்கப் போன மார்ஷல்களுக்கும் வீவர் குடும்பத்துக்கும் இடையே துப்பாக்கிச் சூடு. 14 வயது மகன் சாமி இறந்தான். மார்ஷல் வில்லியம் டீகனும் இறந்தார். மறுநாள் எஃப்.பி.ஐ குறிவீரர் சுட்ட குண்டு, பத்து மாதக் கைக்குழந்தையோடு கதவருகே நின்ற விக்கியின் உயிரைப் பறித்தது. 11 நாள் முற்றுகைக்குப் பிறகுதான் வீவர் சரணடைந்தார்.

1993-ல் நடுவர் குழு கொடுத்த முடிவு என்ன தெரியுமா? கொலைக் குற்றச்சாட்டில் விடுதலை. எல்லாவற்றுக்கும் காரணமான ஷாட்கன் வழக்கிலும் விடுதலை! நீதிமன்றத்துக்கு வராததும் ஜாமீன் விதியை மீறியதும் மட்டுமே குற்றம் என்று முடிவானது. 1995-ல் அரசு, தவறை ஒப்புக்கொள்ளாமலே 31 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. மூன்று மகள்களுக்குத் தலா 10 லட்சம், தந்தைக்கு ஒரு லட்சம்.

வரி போச்சு, படிவம் இருக்கு

1934-ல் போட்ட 200 டாலர் வரி 90 ஆண்டுகளுக்கு மேல் ஒரு டாலர்கூட ஏறவில்லை, இறங்கவும் இல்லை. 2025 ஜூலை 4-ம் தேதி டொனால்டு டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ஷாட்கன், ரைஃபிள், சத்தம் குறைக்கும் கருவி ஆகியவற்றுக்கு வரி பூஜ்ஜியம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு போன்ற அழிவுக் கருவிகளுக்கும் மட்டும் பழைய 200 டாலர் தொடர்கிறது.

பல துப்பாக்கிப் பிரியர்கள் இதை ‘விதியே போய்விட்டது’ என்று புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. போகவில்லை. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், முன் அனுமதி எல்லாம் அப்படியே உண்டு. அனுமதி வருமுன் ஆக்ஸா பிளேடைத் தொட்டால் அதே 10 ஆண்டு சிறை காத்திருக்கிறது. சில மாநிலங்களில் இவற்றை வைத்திருக்கவே கூடாது. அங்கே மத்திய அரசின் வரி பூஜ்ஜியமானதால் எந்தப் பயனும் இல்லை.

துப்பாக்கி உரிமை அமைப்புகள் இப்போது நீதிமன்றத்தில் நிற்கின்றன. 1937-ல் இந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே ‘இது ஒரு வரிச் சட்டம்’ என்ற அடிப்படையில்தான். வரியே இல்லாதபோது பதிவு மட்டும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. வழக்கு முடியும் வரை, வீட்டில் குழலைக் குறைக்க நினைப்பவர் நிரப்பும் படிவத்தில் குழலின் நீளத்துக்கு ஒரு கட்டமும், மொத்த நீளத்துக்கு ஒரு கட்டமும் இருக்கும்.